மூச்சுக்குழாயின் அச்சு

'பிளாஸ்டிக் பிராங்கைட்டிஸ்' என்று கேட்டதும் குழந்தை எதையோ விழுங்கிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் பைக்கும் பாட்டிலுக்கும் இதில் சம்பந்தமே இல்லை. கிரேக்கத்தில் 'பிளாஸ்டிகோஸ்' என்றால் வார்த்தெடுக்கக்கூடியது. 1907-இல் பேக்லைட் வருவதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இந்தப் பெயரைப் புழங்கினார்கள். சளியும் புரதமும் மூச்சுக்குழாய்க்குள் ரப்பர் மாதிரி இறுகி, அதன் கிளைகளை அப்படியே அச்செடுத்துவிடும். குழந்தை இருமித் துப்பினால் வருவது ஒரு சின்ன மரக்கிளை. வராவிட்டால் மூச்சு அடைபடும், உயிரே போகலாம்.

பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் நுரையீரலின் ரத்தநாளமே அறுந்து வந்துவிட்டதாக நினைத்தார்கள். 1772-இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் வாரன் இதை 'மூச்சுக்குழாய் பாலிப்' என்று எழுதினார். தொண்டை அடைப்பான் நோயின் சவ்வும் சில சமயம் இதே வடிவில் வெளிவந்ததால் குழப்பம் கூடியது. 1997-இல்தான் சீயர் குழுவினர் இந்த அச்சுகளை நுண்ணோக்கியில் பார்த்து இரண்டாகப் பிரித்தார்கள்: அழற்சி செல்கள் நிறைந்தவை ஒரு வகை, செல்களே அநேகமாக இல்லாதவை இன்னொரு வகை. முதல் வகைக்குப் பின்னால் ஆஸ்துமா, தொற்று போன்றவை இருந்தன. இரண்டாவதற்குப் பின்னால் இருந்தது இதயம்.

அந்த இதயக் கதை பிரான்ஸில் தொடங்குகிறது. பிறவியிலேயே ஒரே பம்ப் அறையோடு வாழும் குழந்தைகளுக்காக ஃபிரான்சிஸ் ஃபோன்டான் ஓர் அறுவை சிகிச்சையை உருவாக்கி, 1971-இல் வெளியிட்டார். உடலிலிருந்து திரும்பும் ரத்தம், பம்ப் இல்லாமலே நேராக நுரையீரலுக்குப் போகும். பிழைக்கவே மாட்டார்கள் என்றிருந்த குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது: சிரைகளில் அழுத்தம் ஏறுகிறது, நிணநீர் வடிய வழியில்லாமல் சிலருக்கு மூச்சுக்குழாய்க்குள் கசிகிறது. ஃபிலடெல்ஃபியாவில் யோவ் டோரி குழுவினர் எம்.ஆர்.ஐ. மூலம் இந்தத் தடம்மாறிய ஓட்டத்தைக் கண்டார்கள். கசியும் பாதையை அடைத்ததும் பெரும்பாலானவர்களுக்கு அச்சு வருவது குறைந்தது என்று 2016-இல் எழுதினார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான காரணம் நீலகிரியில் இருக்கிறது. 1952-இல் லேமனும் கட்புஷும் அங்குள்ள பழங்குடிகளிடம் அரிவாள் செல் மரபைக் கண்டறிந்தார்கள். அந்தச் சோகை உள்ள குழந்தைக்குத் திடீரென நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வரும்போது, உள்ளே இந்த அச்சும் இருக்கலாம். 2001-இல் வந்த ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு 29 முறை உள்நோக்கியதில் 21 முறை அச்சுகள் கிடைத்தன. 2023-இல்தான் தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. லேமனின் கட்டுரைக்கும் அதற்கும் நடுவே 71 வருஷம்!

திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு குழந்தை இப்படித் திணறினால் 'வீசிங்'னுதான் முதலில் சொல்வோம். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கிளை மாதிரி ஏதாவது வெளியே வந்தால் வாஷ்பேசினில் கழுவிவிடாதீர்கள். ஒரு டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். இருநூறு வருஷம் மருத்துவத்தைக் குழப்பிய கேள்விக்கு, அந்தக் குழந்தையைப் பொறுத்தவரை, பதில் அந்த டப்பாவிலிருந்துதான் தொடங்கும்.