சாப்பிட்ட நாயும் சாப்பிடாத நாயும்

போன மாதம் வாப்பாவுக்குக் குருதிக் கொழுப்புப் பரிசோதனை. மனுசன் 12 மணித்தியாலம் வயிற்றைக் காயப்போட்டு, சுபஹ் தொழுத கையோடு போய் வரிசையில் நின்றார். ரிப்போர்ட் நல்லது. "பார்த்தியா மகன், ஒன்றுமில்லை" என்றவர், அன்று பகலே கல்யாண வீட்டுச் சஹனில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சஹனுக்குப் பிறகு அவருடைய குருதியில் என்ன நடந்திருக்கும்? இந்தக் கேள்விக்குப் பின்னால் 400 வருட வரலாறு இருக்கிறது.

1622இல் இத்தாலிய மருத்துவர் கஸ்பாரே அசெல்லி ஒரு நாயை அறுத்துப் பார்த்தார். குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை நூல்கள். நரம்பு என்று நினைத்து ஒன்றை வெட்ட, பால் போன்ற திரவம் வடிந்தது. அடுத்த நாயில் தேடினார், இல்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது: முதல் நாய் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தது! நாம் பாடத்தில் படிப்பிக்கும் பாற்கலன்கள் கண்டுபிடிக்கப்பட்ட கதை இதுதான். பட்டினி கிடந்த உடலில் அந்த வெள்ளை தெரியவில்லை.

1920களில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கேஜ், பிஷ் என்ற இருவர், கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு குருதியில் மிதக்கும் நுண்துணிக்கைகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து ஆராய்ந்தார்கள். அவற்றின் பெயர் கைலோமைக்கிரோன்.

ஆனால் மருத்துவம் வெறும் வயிற்றுக் குருதியையே அதிகம் பார்த்தது. காரணமும் இருந்தது. சாப்பாடு திரைகிளிசரைட்டைக் கூட்டிக் குறைக்கும். 1972இல் வந்த ஃப்ரீடுவால்ட் சூத்திரம், எல்.டி.எல். அளவைக் கணக்கிட வெறும் வயிற்றுத் திரைகிளிசரைட்டையே கேட்டது.

1979இல் அதே கோர்னெலில் இருந்த டொனால்ட் சில்வர்ஸ்மிட், நாடிச் சுவரில் கொழுப்புப் படிவது சாப்பாட்டுக்குப் பிந்திய நிகழ்வாக இருக்கலாம் என்று எழுதினார். கைலோமைக்கிரோன் உடைந்து மிஞ்சும் துணிக்கைகள் கொலஸ்திரோலைச் சுமந்துகொண்டு சுவருக்குள் நுழைகின்றன என்பது அவர் கருத்து. யோசித்துப் பாருங்கள், மூன்று வேளை சாப்பிடுகிறவர் பகல் முழுக்கச் சாப்பிட்ட நிலையில்தானே இருக்கிறார்?

2007இல் ஒரே சஞ்சிகையின் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. கோபன்ஹேகனில் 13,981 பேர், அமெரிக்காவில் 26,509 பெண்கள். சாப்பிட்ட நிலையில் திரைகிளிசரைட்டு கூடியவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய, நாடி நோய்களும் கூடின. அமெரிக்க ஆய்வில், சாப்பிட்டு 2 முதல் 4 மணித்தியாலத்துக்குள் எடுத்த அளவே நோயோடு மிக நெருங்கி நின்றது. 2016இல் ஐரோப்பிய நிபுணர்கள், வழமையான கொழுப்புப் பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை என்றார்கள். திரைகிளிசரைட்டு மிகவும் கூடியிருந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மீண்டும் பார்க்கலாம்.

தவறாக விளங்க வேண்டாம். முடியுரு நாடி நோயில் எல்.டி.எல்.தான் இன்றும் முதல் குற்றவாளி. வெறும் வயிற்று ரிப்போர்ட்டும் பொய்யல்ல. டொக்டர் சாப்பிடாமல் வரச் சொன்னால் அப்படியே போங்கள்.

வாப்பாவிடம் இந்த நாய்க் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்த ரிப்போர்ட், நான் சாப்பிடாத நேரத்துக்கு மட்டும்தானா மகன்?"

முழுசாக அப்படியில்லை வாப்பா. ஆனால் சஹனுக்கான அனுமதிச் சீட்டும் அல்ல.