வாயில் திறந்த எழுதுகோல்

வெற்றி பெற்ற வீரனை உலகம் போற்றும். அவ்வீரன் மைதானத்துள் நுழைய வழிசெய்தவனை எளிதில் மறந்துவிடும். அவ்வாறு மறக்கத்தகாத ஒருவர், அமெரிக்கப் பத்திரிகைகளில் விளையாட்டுப் பத்தி எழுதிய வெண்டல் சிமித் ஆவார்.

1914ஆம் ஆண்டில் டெற்றோயிற் நகரிற் பிறந்த இவர், இளமையில் பேஸ்போல் ஆட்டத்திற் சிறந்த பந்தெறிவாளராய் விளங்கினார். அவர் திறமையை வியந்த தேர்வாளர் ஒருவரும், நிறத்தின் காரணமாக அவரைச் சேர்க்க இயலாதென்று கைவிரித்தார். ஆடும் வாய்ப்பை இழந்த இளைஞர் எழுதுகோலை ஏந்தினார். 1937இல் கறுப்பின மக்களின் வார ஏடாகிய 'பிற்ஸ்பேர்க் கூரியரிற்' சேர்ந்தார்.

அந்நாளில் முதற்றரக் கழகங்களிற் கறுப்பினத்தவர் ஒருவரேனும் ஆடவில்லை. அதற்கெனப் பொறிக்கப்பட்ட விதியுமில்லை. வழக்கமே விதியாய் நின்றது. வெள்ளை வீரர்கள் உடன்படார் என்பது பொதுவாகச் சொல்லப்பட்ட சாட்டு. சிமித் அதனை வசைமொழியால் எதிர்க்கவில்லை. 1939இல் வீரர்களையும் முகாமையாளர்களையும் நேரிற் கண்டு வினவி, அவர்தம் விடைகளை ஏட்டில் வெளியிட்டார். பெரும்பாலோர் தமக்குத் தடையில்லையென்றே கூறியிருந்தனர். சாட்டு பொய்யாயிற்று!

1945 ஏப்ரிலில் ஜாக்கி ரொபின்சன் முதலிய மூவரைப் பொஸ்ரன் நகரின் ரெட் சொக்ஸ் கழகத்துத் தேர்வுக்கு அழைத்துச் சென்றார். ஒருவரும் சேர்க்கப்படவில்லை. எனினும் சிமித் சோர்ந்தாரல்லர். புரூக்ளின் டொட்ஜர்ஸ் கழகத் தலைவர் பிராஞ்ச் ரிக்கியிடம் ரொபின்சனின் பெயரை எடுத்துரைத்தார். 1947 ஏப்ரில் 15ஆந் திகதி ரொபின்சன் முதற்றர ஆட்டத்தில் இறங்கினார். பொஸ்ரன் கழகமோ 1959 வரை ஒரு கறுப்பின வீரரையேனும் களமிறக்கவில்லை.

வாயில் திறந்ததும் தம் பணி முடிந்ததென்று சிமித் கருதவில்லை. பயிற்சிக் காலத்தில் ரொபின்சனுடன் பயணஞ் செய்து, அவருக்கு நேர்ந்த அவமதிப்புகளைத் தாமும் பகிர்ந்துகொண்டார். பின்னர்ச் சிக்காகோவிற் பணியாற்றியபோது, புளோரிடாவிற் பயிற்சிக்குச் செல்லும் கறுப்பின வீரர்கள் தம் தோழர் தங்கும் விடுதிகளில் இடம் பெறாமையை 1961இல் எடுத்தெழுதினார். ஒருங்கே ஆடுவோர் ஒருங்கே உறங்கலாகாதா என்பதே அவ்வெழுத்தின் சாரம்.

1972 ஒற்றோபரில் ரொபின்சன் மறைந்தார். அடுத்த மாதமே சிமித்தும் மறைந்தார். பேஸ்போல் எழுத்தாளருக்கு வழங்கப்படும் உயரிய விருது, 1993ஆம் ஆண்டுக்குரியதாக அவர் பெயருக்குச் சூட்டப்பட்டது.

ஓட்டங்களை எண்ணுவதோடு அமையாது, ஆடவிடப்படாதோரையும் எண்ணினார் அவர். பத்திரிகையிற் கடைசிப் பக்கத்தை முதலிற் புரட்டும் இளைஞராகிய நாம், அப்பக்கத்திலும் நீதிக்கு இடமுண்டென்பதை அவர் வாழ்விலிருந்து கற்போமாக.