அன்னா கிறிஸ்டி (1930)

யூஜீன் ஓநீல் இயற்றி, 1921ஆம் ஆண்டு நியூயார்க்கில் அரங்கேறி, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற நாடகத்தைத் தழுவி, மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனத்தார் கிளாரென்ஸ் பிரவுனின் டைரக்ஷனில் தயாரித்த அமெரிக்கப் பேசும் படம். பாலியத்தில் மினசோட்டாவிலுள்ள பந்துக்களின் பண்ணையில் விடப்பட்டு, அங்கு நேர்ந்த கொடுமையால் நிலைகுலைந்து விலைமகளாக நேர்ந்த அன்னா, நிலக்கரிப் படகில் வாழும் தந்தையிடம் வந்து சேர்வதும், கப்பற்சேதத்தில் உயிர் தப்பிய ஐரிஷ் மாலுமியொருவனைக் காதலித்து, தன் பூர்வ வாழ்வை அவ்விருவர் முன்னும் ஒளிக்காமல் உரைப்பதுமே கதை.

மௌனப்பட உலகில் பெரும் கீர்த்தி பெற்றிருந்த கிரெட்டா கார்போ வாய் திறந்து பேசிய முதற் படம் இது. அவருடைய ஸ்வீடிய உச்சரிப்பை ரசிகர்கள் ஏற்பரோ என்று தயங்கிய நிறுவனத்தார், ஸ்வீடிய வம்சத்துப் பெண்ணின் பாத்திரத்தையே அவருக்கு அளித்தமையால், குறையென அஞ்சியது குணமாக மாறிற்று. ‘கார்போ பேசுகிறார்’ என்பதே விளம்பரம். ஏறக்குறைய கால் மணி நேரம் காக்கவைத்தபின், மதுக்கடையில் களைத்து நுழைந்து விஸ்கி கேட்கும் அந்தக் கனத்த, தாழ்ந்த குரல் இன்றும் வியப்பளிக்கிறது. ஒலிவாங்கிக்குக் கட்டுப்பட்ட காமிரா பல காட்சிகளில் அசையாது நிற்பதால், படத்தில் நாடக மேடையின் வாடை மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், குடிகார மார்த்தியாக வரும் மேரி டிரெஸ்லர், கார்போவையும் சில கணங்கள் மறக்கச் செய்துவிடுகிறார். தந்தையாக நடித்த ஜார்ஜ் மரியன், அதே வேடத்தை மேடையிலும் 1923ஆம் ஆண்டின் மௌனப்படத்திலும் தாங்கியவர்.

கார்போ, பிரவுன், ஒளிப்பதிவாளர் வில்லியம் டேனியல்ஸ் ஆகியோர் ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டனர். ஜெர்மானிய ரசிகர்களுக்காக ழாக் ஃபெய்டர், கார்போவையே நாயகியாகக் கொண்டு, பிற வேடங்களில் வேறு நடிகர்களை அமர்த்தி, அம்மொழியிலும் இதனைத் தனியே படமாக்கினார்.