பஞ்சு உருண்டை

நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி வந்து தங்குவது எங்கள் ஆரியசாலைக் கோயிலில்தான். முப்பது நவராத்திரி தவில் அடித்திருக்கிறேன். அப்பா காலத்தில் காதுக்குக் காவல் பஞ்சு உருண்டை. அது பேருக்குத்தான் காவல் என்பது என் வலது காது மந்தமான பிறகே உறைத்தது.

பிறகு ஆலைக்காரர்கள் செருகும் மஞ்சள் நுரையடைப்பான் வாங்கினேன். மேல்சுரங்களைத்தான் அது அதிகம் விழுங்கும். நாகஸ்வரம் தலையணைக்கு அடியிலிருந்து கேட்டது. அதற்கு ஆலைச் சத்தமே மேல்!

இசைக்காரர்களுக்கென்றே அமெரிக்காவின் எடிமோட்டிக் நிறுவனம் 1988-இல் ஈஆர்-15 கொண்டுவந்தது. காதுக்கு அச்செடுத்துச் செய்வது. எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபல் குறைக்கும். 100 டெசிபல் சத்தத்தில் நாளுக்குக் கால் மணி நேரம்தான் இருக்கலாம் என்பது அந்நாட்டுத் தொழில் சுகாதாரக் கணக்கு. எங்கள் தனியாவர்த்தனமே அதைவிட நீளம்.

தவில் பழகும் பிள்ளைகளே, பஞ்சை நம்பாதீர்கள்; முதல் சம்பாவனையில் காதுக்கு அச்செடுங்கள்.