பதினொரு வயதுத் தேர்வும் பயிற்சியும்: நுண்ணறிவு ஈவு மாறுமா என்னும் வினாவின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

நுண்ணறிவுச் சோதனையில் ஒருவர் பெறும் மதிப்பெண்ணைப் பயிற்சியால் உயர்த்த இயலுமா என்னும் வினா உளவியல் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பின் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழந்தைகளின் பள்ளியை இச்சோதனைகள் முடிவு செய்தபோது அது பொதுமக்களின் வினாவாயிற்று. பினேயின் தொடக்க முயற்சி, 1950களின் தனிப்பயிற்சி விவாதம், அண்மைக்கால ஆய்வுகள் ஆகியவற்றை இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. சோதனைப் பயிற்சி மதிப்பெண்ணை மட்டுமே உயர்த்துகிறது. நெடுநாள் கல்வி அதனினும் ஆழமான மாற்றத்தைத் தருகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நுண்ணறிவு ஈவு, ஆல்ஃபிரெட் பினே, சிரில் பர்ட், பிலிப் வெர்னான், பதினொரு வயதுத் தேர்வு, பயிற்சி மாற்றம்.

முன்னுரை

நுண்ணறிவு மரபுநிலையால் அமைவதா, சூழ்நிலையால் அமைவதா என்னும் விவாதம் கல்வி உளவியலில் நெடுங்காலமாக நிகழ்ந்துவருகிறது. அதன் ஒரு கூறே இங்கு ஆராயப்படுகிறது. அளவிடப்பட்ட நுண்ணறிவு பயிற்சியால் உயருமா என்று கேட்கும்போது, உயர்வது அளவுகோலின் எண்ணா, அவ்வெண் சுட்டும் ஆற்றலா என்னும் வேறுபாடு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. அவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டும் வரலாற்று நிகழ்வாகப் பிரித்தானியாவின் பதினொரு வயதுத் தேர்வு அமைகிறது.

பினேயின் அளவுகோலும் மனப்பயிற்சியும்

வழக்கமான வகுப்பில் பயன்பெற இயலாத குழந்தைகளின் கல்வியை ஆராய 1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. அதில் பங்கேற்ற ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் முப்பது பணிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். 1908ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அப்பணிகள் வயதுவாரியாக வகுக்கப்பட்டன. சிறப்பு உதவி தேவைப்படும் குழந்தையை இனங்காண்பதே அதன் நோக்கம். ஒருவருடைய பிறவி ஆற்றலை என்றென்றைக்குமாக வரையறுப்பது அன்று.

1909இல் குழந்தைகளைப் பற்றி எழுதிய நூலில், நுண்ணறிவை மாறாத ஓர் அளவாகக் கொள்ளும் போக்கைப் பினே வன்மையாக மறுத்தார். கவனம், நினைவு, தன்னடக்கம் ஆகியவற்றை வளர்க்கச் சிறப்பு வகுப்புகளில் அவர் பரிந்துரைத்த பயிற்சிகள் எளியவை. குழந்தைகள் சிலைபோல் அசையாது நிற்பர். சில நொடிகள் காட்டி மறைக்கப்பட்ட பொருள்களை நினைவிலிருந்து கூறுவர். உடலின் குறையைப் பயிற்சியால் சீர்செய்வதுபோல் மனத்தையும் சீர்செய்யலாம் என்பது அவர் கருத்து. அளவுகோலை ஆக்கியவரே அளவு மாறும் என்று நம்பினார் என்பது இவ்வரலாற்றில் கருதத்தக்கது.

பினே 1911இல் மறைந்தார். மறு ஆண்டில் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதைக் கால வயதால் வகுக்கும் முறையை முன்வைத்தார். 1916இல் லூயிஸ் டெர்மன் வெளியிட்ட ஸ்டான்ஃபோர்டு–பினே சோதனை அவ்வீவை நூறால் பெருக்கி வழங்கியது. அதன்பின் குழந்தையின் தேவையைக் காட்டும் குறிப்பாக இருந்தது குழந்தையின் இயல்பைக் கூறும் எண்ணாகக் கொள்ளப்படலாயிற்று.

பள்ளி இடமும் மாறாத எண்ணும்

பிரித்தானியாவில் இக்கருத்துக்கு உரமூட்டியவருள் முதன்மையானவர் சிரில் பர்ட். நுண்ணறிவு பிறவியிலேயே அமைவது, பொதுவானது, அளக்கத்தக்கது என்பன அவருடைய அடிப்படைக் கொள்கைகள். குழந்தையின் எதிர்கால அறிவு நிலையை இளமையிலேயே ஓரளவு முன்னறியலாம் என்னும் கருத்தை 1938இல் வெளிவந்த ஸ்பென்ஸ் குழு அறிக்கையும் ஏற்றது.

1944ஆம் ஆண்டுச் சட்டம் இடைநிலைக் கல்வியைக் கட்டணமின்றி அனைவர்க்கும் உரியதாக்கியது. ஆயினும் பெரும்பாலான இடங்களில் கிராமர் பள்ளி, தொழில்நுட்பப் பள்ளி, நவீன இடைநிலைப் பள்ளி எனப் பிரிவுகள் அமைந்தன. பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் வழி கிராமர் பள்ளியே. ஏறத்தாழ நான்கில் ஒருவர் அல்லது ஐவரில் ஒருவர்க்கே அங்கு இடம் கிடைத்தது. அவ்வளவும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்டது. ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றுடன் நுண்ணறிவுச் சோதனையும் தேர்வில் இடம்பெற்றது. காட்ஃப்ரி தாம்சன் எடின்பரோவில் உருவாக்கிய மோரே ஹவுஸ் சோதனைகள் இதற்குப் பரவலாகப் பயன்பட்டன.

நுண்ணறிவுச் சோதனையைச் சேர்த்ததற்கு ஓர் அறவியல் நியாயமும் கூறப்பட்டது. பாடத் தேர்வில் நல்ல பள்ளியும் வசதியுள்ள வீடும் துணைநிற்கும். நுண்ணறிவுச் சோதனையோ பயிற்சிக்கு வசப்படாதது. ஆகவே ஏழைக் குழந்தைக்கு அதுவே நடுநிலையான வாயில் என்றனர். இவ்வாதம் முழுவதும் ஒரு தூணின்மேல் நின்றது: அம்மதிப்பெண்ணைப் பயிற்சி அசைக்காது என்பதே அத்தூண்.

தனிப்பயிற்சி விவாதம்

பெற்றோரும் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் அத்தூணை நம்பவில்லை. பயிற்சி நூல்கள் விற்பனையாயின. பள்ளிகளில் பழைய வினாக்கள் பயிற்றப்பட்டன. இந்நிலையில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்வியியல் நிறுவனப் பேராசிரியர் பிலிப் வெர்னான், 1952இல் டைம்ஸ் கல்வி இதழில் எழுதிய கட்டுரைகளில், தனிப்பயிற்சியால் நுண்ணறிவு ஈவு பத்துப் புள்ளிகளுக்கு மேலும் உயரக்கூடும் என ஒப்புக்கொண்டார். சோதனை இயக்கத்தின் எதிரி ஒருவர் கூறியிருப்பின் இது பெரிதாகப் பேசப்பட்டிராது. வெர்னானோ அத்துறையின் முன்னணி அறிஞர்.

தொடர்ந்து பிரித்தானியக் கல்வி உளவியல் ஆய்விதழில் நிகழ்ந்த கருத்தரங்கும் பிற சோதனைகளும் இதனை நுணுக்கமாக்கின. முதற்சில முயற்சிகளிலேயே உயர்வின் பெரும்பகுதி கிட்டிவிடுகிறது. பின்னர் அது தேங்குகிறது. வினாவின் வடிவம் மாறினால் பயன் குறைகிறது. குழந்தை கற்றது பெரும்பாலும் அவ்வகை வினாவைக் கையாளும் முறையையே எனலாம்.

இவ்வுயர்வு சிறிதாயினும் அதன் விளைவு சிறிதன்று. சராசரி 100, திட்ட விலக்கம் 15 எனக் கொண்டால், மேலே உள்ள 20 விழுக்காட்டினரைப் பிரிக்கும் எல்லை ஏறத்தாழ 113இல் விழும். அனைவரும் 5 புள்ளி கூடுதலாகப் பெற்றால் அவ்வெல்லையைக் கடப்போர் ஏறத்தாழ 31 விழுக்காடாவர். அதாவது, ஒவ்வொரு நூறு குழந்தைகளிலும் பத்துக்கு மேற்பட்டோரின் நிலை அந்த ஐந்து புள்ளிகளுக்குள் அடங்கியுள்ளது. இடங்களின் எண்ணிக்கையோ மாறாதது. ஆகவே பயிற்சி பெற்ற ஒரு குழந்தை உள்ளே நுழையும்போது, பயிற்சி பெறாத மற்றொரு குழந்தை வெளியே நிற்கிறது. நடுநிலையானதாகக் கருதப்பட்ட வாயில், பயிற்சிக்குப் பணம் செலவிட இயன்றவர் பக்கம் சாய்ந்தது.

இதற்கு இருவேறு தீர்வுகள் முன்வைக்கப்பட்டன. எல்லாக் குழந்தைகளுக்கும் தேர்வுக்கு முன் குறுகிய அளவில் ஒரே வகைப் பயிற்சி அளித்துச் சமநிலையை மீட்கலாம் என்றார் வெர்னான். பிரயன் சைமன் 1953இல் வெளியிட்ட நூலில் சோதனையின் அடிப்படையையே மறுத்து, அனைவர்க்குமான ஒருங்கிணைந்த பள்ளியை வலியுறுத்தினார். 1957இல் தேசியக் கல்வி ஆய்வு அமைப்பின் யேட்ஸும் பிட்ஜனும், எத்துணைச் சிறந்த முறையைக் கையாண்டாலும் ஏறத்தாழ 10 விழுக்காட்டுக் குழந்தைகள் பொருந்தாத பள்ளிக்கு அனுப்பப்படுவர் என மதிப்பிட்டனர். 1965இல் அரசு வெளியிட்ட 10/65 எண் சுற்றறிக்கை, ஒருங்கிணைந்த பள்ளி முறைக்கு மாறத் திட்டமிடுமாறு உள்ளூர்க் கல்வி அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது. எனினும் கென்ட் போன்ற மாவட்டங்களில் தேர்வு இன்றும் தொடர்கிறது. தனிப்பயிற்சியும் உடன் தொடர்கிறது.

பின்வந்த சான்றுகள்

விவாதம் விட்டுச்சென்ற வினாவைப் பிற்கால ஆய்வுகள் இரு திசைகளில் தெளிவாக்கின. முதலாவது, மனப்பயிற்சியின் பயிற்சி மாற்றம் பற்றியது. 2008இல் சூசன் யேகியும் குழுவினரும் செயல்நினைவுப் பயிற்சி புதிய சிக்கல்களைத் தீர்க்கும் நுண்ணறிவை உயர்த்துவதாக அறிவித்தனர். 2010இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரிடம் ஆறு வாரம் நடத்திய ஆய்வில், பயின்ற பணிகளில் முன்னேற்றம் தெரிந்தது. பயிலாத பணிகளுக்கு அது பரவவில்லை. 2013இல் தாமஸ் ரெடிக் குழுவினரின் கட்டுப்பாட்டு ஆய்விலும் யேகியின் முடிவு மீளக் கிட்டவில்லை.

இரண்டாவது, பள்ளிக் கல்வி பற்றியது. நார்வே 1955 முதல் 1972 வரை கட்டாயக் கல்வியை ஏழாண்டுகளிலிருந்து ஒன்பதாண்டுகளாகப் படிப்படியாக நீட்டித்தது. அது நடைமுறைக்கு வந்த காலம் ஊருக்கு ஊர் வேறுபட்டதால் இயல்பாகவே ஓர் ஒப்பீடு அமைந்தது. கூடுதல் கல்வி ஓராண்டுக்கு ஏறத்தாழ 3.7 புள்ளி உயர்வைத் தந்ததாக 2012இல் பிரிங்க்கும் காலோவேயும் கணித்தனர். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2018இல் ரிச்சியும் டக்கர்–டிராபும் வெளியிட்ட பகுப்பாய்வில், கல்வியின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 1 முதல் 5 புள்ளி வரை உயர்வு காணப்பட்டது. அதன் சுவடு முதுமையிலும் தென்பட்டது. எனினும் இவ்வுயர்வு பொது ஆற்றலிலா, குறிப்பிட்ட திறன்களிலா என்பது ஆய்வுக்குரியதாகவே உள்ளது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, நுண்ணறிவு ஈவு மாறாதது என்னும் கொள்கை சோதனையை ஆக்கிய பினேயிடமிருந்து பிறந்ததன்று. குழந்தைகளை ஒரே முறையில் பிரித்துவிட விரும்பிய நிருவாகத்துக்கு அது வேண்டியதாயிருந்தது. இரண்டு, சோதனைப் பயிற்சியால் மதிப்பெண் உயர்வது உண்மை. அதனைக் கொண்டு நுண்ணறிவு வளர்ந்தது எனல் பொருந்தாது. 1952இல் தகர்ந்தது நுண்ணறிவு என்னும் கருத்தன்று. ஒரே நாளின் மதிப்பெண்ணை ஒரு குழந்தையின் அளவாகக் கொள்ளும் வழக்கமே. மூன்று, அளவை நெடுநாள் நிலைக்குமாறு உயர்த்தியதாக வலுவான சான்றுள்ள பயிற்சி, பல ஆண்டுகள் தொடரும் பள்ளிக் கல்வியாகும். அவ்வாறாயின், எண்ணைக் காட்டி ஒரு குழந்தைக்குக் குறைந்த கல்வியை ஒதுக்கும் முறை தன்னுடைய கணிப்பைத் தானே மெய்ப்பித்துக்கொள்கிறது. எண் குறைந்ததால் கல்வி குறைகிறது. கல்வி குறைந்ததால் எண் மேலும் குறைகிறது. மாணவரைத் தரம் பிரிக்கும் எந்தத் தேர்வை மதிப்பிடுவோரும் இச்சுழற்சியைக் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.