முன்னோடியும் ஏவலாளும்

கல்குடாவில் எம் மாணவன் ஒருவன் ஆங்கிலச் சொற்கள் சிலவற்றுக்குத் தமிழ் எழுதி வந்தான். ‘பியோன்’ என்பதற்கு ஏவலாள். அடுத்த வரியில் ‘பயனியர்’ என்பதற்கு முன்னோடி. இரண்டும் சரியென்று குறியிட்டுக் கொடுத்துவிட்டோம். இவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது அப்போது எம் நினைவில் எழவில்லை.

இலத்தீனில் பாதத்தைக் குறிக்கும் அடியிற் பிறந்து, காலாட்படை வீரனைச் சுட்டிய சொல்லே இரண்டிற்கும் மூலம். சதுரங்கக் காலாளின் ஆங்கிலப் பெயரும் அதன் கிளையே. படைக்கு முன்னே மண்வெட்டியும் கோடரியும் ஏந்திச் சென்று, காடு வெட்டி, பள்ளம் தூர்த்து, வழி சமைத்தவனே முதலிற் பயனியர் எனப்பட்டான். அஃது உயர்ந்த பெயரன்று. பழைய ஆங்கிலப் படைகளில், தவறிழைத்த போர்வீரனைப் பயனியராகக் கீழிறக்குவது ஒரு தண்டனை! ஒரு துறையைத் தொடக்கிவைத்த பெரியார் என்னும் பொருள் பின்னர் வந்தேறியது. எமது ‘முன்னோடி’யில் ஓட்டம் உண்டு, மண்வெட்டி இல்லை.

இலங்கையில் இவ்விரு பொருளும் அருகருகே வாழ்ந்தன. 1820 இல் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டிப் பாதை தொடங்கியபோது, இராசகாரிய ஊழியத்துக்கு இழுக்கப்பட்ட சிங்களக் குடியானவரோடு, தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்டோரும் மலையைக் குடைந்தனர். அவர்களுடைய அணிக்குப் பெயரே பயனியர் படை. 1832 இல் இராசகாரியம் ஒழிந்தபின் பாதை வேலையின் பாரம் பெரிதும் அவர்கள் தோளில் ஏறியது. பொறியியலாளர் டோசன் 1829 இல் இறந்தார். கடுகண்ணாவையில் அவருக்கு நினைவுக் கோபுரம் எழுந்தது. அவர் தகுதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் பயனியர் படைக்குக் கோபுரம் ஏது?

1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரை வரலாற்று நூல்கள் முன்னோடி என்கின்றன. தோட்டங்களுக்காகக் காடழித்த தமிழ்த் தொழிலாளரோ அந்நூல்களிற் ‘கூலிகள்’. சொல்லின் முதற்பொருளை நோக்குவோமாயின் அவர்களே பயனியர்கள். தொழில் அவர்களிடம் தங்கியது. பெயர் மாத்திரம் துரைமாரிடம் சென்றது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 இலும் தேவைப்பட்டதெனின், வழி சமைத்தவருக்கு அவ்வழியில் நடக்கும் உரிமை எத்துணைக் காலம் தாழ்ந்து வந்தது!

மறுநாள் அம்மாணவனின் கொப்பியைத் திரும்ப வாங்கி, அவ்விரு வரிகளையும் ஒரு கோட்டால் இணைத்து, பக்கத்தில் ‘காலாள்’ என்று எழுதினோம். ஏனென்று கேட்டான். அன்றைய பாடவேளை அதிலேயே கழிந்தது.