பெறுநர் யார்? தனிப்பெண்ணின் நிலமும் அவள் பெயருக்கு வரும் கடிதமும்

தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் திருமணத்துக்கு முன் ‘ஓலை வாசிப்பது’ என்றொரு வழக்கம் உண்டு. அலங்கார அன்னை கோவிலைச் சுற்றி வாழ்வு நடக்கும் வரதராஜன்பேட்டை போன்ற ஊரில் அதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், இன்னார் மகன் இன்னாரும் இன்னார் மகள் இன்னாரும் மணமுடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவேண்டும் என்று வாசிப்பார்கள். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் விதித்த மூன்று அறிவிப்புகள்தாம் தமிழில் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. பனையோலை போய்த் தாள் வந்து எத்தனையோ காலம் ஆகியும் பெயர் மாறவில்லை.

இந்த ஓலையில் பெண்ணின் பெயர் இருக்கிறது. ஆனால் ஓலை அவளுக்கு எழுதப்பட்டதல்ல. ஊருக்கு எழுதப்பட்டது. அவள் அதன் பொருள், பெறுநர் அல்லள். பெண் கேட்டு எழுதப்படும் கடிதம் எப்போது அவள் கைக்கே வந்து சேரும்? அவள் பெயரில் ஒரு நிலம் இருந்து, அந்த நிலத்தில் அவளே குடியிருந்து, அஞ்சல்காரர் தேடி வருவதற்கு ஒரு முகவரியும் இருக்கும்போதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். உலகில் இது பெரிய அளவில் நடந்த ஓர் இடத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு வரதராஜன்பேட்டைக்குத் திரும்பலாம்.

1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டம், 21 வயது நிரம்பியவருக்கோ குடும்பத் தலைவருக்கோ 160 ஏக்கர் வரை அரசு நிலம் தந்தது. பதிவுக் கட்டணம் கட்டி, அங்கேயே வீடு கட்டி, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். 1912இல் ஐந்தாண்டு மூன்றாகக் குறைந்தது. சட்டத்தில் ஆண் என்ற சொல் தகுதியாக வைக்கப்படவில்லை. மணமாகாத பெண், கைம்பெண், மணவிலக்குப் பெற்றவள் எல்லாரும் பதியலாம். கணவனோடு வாழும் பெண் மட்டும் பதிய முடியாது. ஆய்வாளர் ஷெரில் பாட்டர்சன் பிளாக் 1976இல் கொலராடோ, வயோமிங் நில அலுவலகப் பதிவேடுகளிலிருந்து எடுத்த மாதிரியில், பதிந்தவர்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் பெண்கள். பதிந்த பெண்களில் 42 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் இறுதிவரை நின்று நிலத்தைப் பெற்றார்கள்.

இந்தப் பெண்களுக்கு, அவர்கள் கேளாமலே, மணக்கேள்விகள் வந்தன. நேரிலும் வந்தன, கடிதத்திலும் வந்தன. கேட்டு வாங்கிய கடிதங்கள் வேறு வகை. சான் பிரான்சிஸ்கோவிலும் கான்சஸ் சிட்டியிலும் வெளியான ‘மேட்ரிமோனியல் நியூஸ்’ போன்ற இதழ்களில் ஆணும் பெண்ணும் எண் போட்டு விளம்பரம் கொடுத்துப் பதில் பெற்றார்கள். விளம்பரமே கொடுக்காத ஒருத்திக்கு, முன்பின் அறியாத ஒருவன் எழுதுவதற்கு அவள் பெயர் எப்படித் தெரிந்தது?

விடையின் ஒரு பகுதி சட்டத்திலேயே இருக்கிறது. 1879 மார்ச் 3ஆம் நாள் சட்டத்தின்படி, நிலத்துக்கு இறுதிச் சான்று கொடுக்கப் போகிறவர் தம் பெயரும் நிலத்தின் விவரமும் சாட்சிகளின் பெயர்களும் அடங்கிய அறிவிப்பை, நிலத்துக்கு மிக அருகில் வெளியாகும் செய்தித்தாளில் முப்பது நாள் வெளியிடவேண்டும். மறுப்பு உள்ளவர்கள் வந்து சொல்லலாம். இந்த அறிவிப்புகளை அச்சிட்டே பிழைத்த சிறு தாள்கள் இருந்தன. 1907இல் தங்கை ஐடா மேரியோடு தெற்கு டகோட்டாவுக்கு வந்த ஈடித் அம்மன்ஸ் என்ற மணமாகாத பெண், மெக்ளூர் என்ற இடத்தில் அப்படியொரு தாளை நடத்தினார். பிற்காலத்தில் ஈடித் யூடோரா கோல் என்ற பெயரில் 1938இல் அந்த வாழ்வை நூலாக எழுதினார். ஒரு தனிப்பெண் அச்சு கோத்து, வேறு தனிப்பெண்களின் பெயரையும் நிலத்தையும் வாரந்தோறும் ஊரறியச் செய்தாள் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

இதையும் நம் ஓலையையும் அருகருகே வைத்தால் ஒற்றுமை துலங்கும். இரண்டும் திரும்பத் திரும்ப வெளியிடப்படும் அறிவிப்புகள். இரண்டும் தடை உண்டா என்று ஊரைக் கேட்கின்றன. வேறுபாடு அறிவிக்கப்படும் பொருளில் இருக்கிறது. அங்கே அறிவிப்பு இந்த நிலம் இவளுடையதாகப் போகிறது என்று சொன்னது. இங்கே ஓலை, இவள் இன்னாருடையவளாகப் போகிறாள் என்று சொல்கிறது. முன்னதைப் படித்தவன் அவளுக்கே கடிதம் எழுதலாம். பின்னதைக் கேட்ட பிறகு யாரும் அவளுக்கு எழுதப்போவதில்லை.

நிலம் பதிந்த பெண்களுக்கு இப்படி வந்த மணக்கடிதங்களைப் பற்றிப் பேசுவோர் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். புல்வெளியில் பூத்த காதல் என்று உருகுவோர் ஒரு பக்கம். மணந்தால் 160 ஏக்கர் கைக்கு வரும் என்ற கணக்கைத் தவிர இதில் வேறெதுவும் இல்லை என்போர் மறுபக்கம். இரண்டாவது கூற்றில் உண்மை நிறைய இருக்கிறது. ஆனாலும் இரு தரப்பும் எழுதியவனின் மனத்தையே துருவுகின்றன. பெற்றவளின் நிலையை நான் பார்க்கச் சொல்கிறேன். பேராசைக்காரன் எழுதிய கடிதமானாலும் உறையின் மேல் அவள் பெயர் இருந்தது. அதைப் பிரிக்கவும், விடை எழுதவும், எழுதாமல் அடுப்பில் போடவும் அவளுக்கு முடிந்தது. இடையில் தகப்பன் இல்லை, அண்ணன் இல்லை, மாமன் இல்லை.

விடை சொல்வதற்கும் சட்டம் ஒரு விலை வைத்திருந்தது. எலினோர் ப்ரூயிட் ரூபர்ட் டென்வரில் துணி வெளுத்தும் வீட்டு வேலை பார்த்தும் மகள் ஜெரினை வளர்த்த கைம்பெண் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். 1909இல் வயோமிங்கின் பர்ன்ட் ஃபோர்க்குக்கு க்ளைடு ஸ்டூவர்ட் என்ற பண்ணையாரின் வீட்டுப் பொறுப்பாளராக வந்தார். அவர் நிலத்தை ஒட்டியே தம் பெயரில் நிலம் பதிந்தார், சில நாளிலேயே அவரை மணந்தார். டென்வரில் தாம் முன்பு வேலை பார்த்த கோனி அம்மையாருக்கு எழுதிய கடிதங்களில் இந்தத் திருமணத்தை நெடுநாள் சொல்லவில்லை, பிறகு வந்த ஒரு கடிதத்தில்தான் ஒப்புக்கொண்டார். அக்கடிதங்கள் அட்லாண்டிக் மந்த்லி இதழில் வந்து 1914இல் நூலாயின. தனித்து நின்று நிலம் வென்ற பெண் என்று உலகம் அவரைப் படித்துக்கொண்டிருந்தபோது, அந்த நிலம் அவர் கையை விட்டுப் போயிருந்தது. கணவனும் மனைவியும் இரண்டு தனி வீடுகளில் குடியிருப்பதாகச் சட்டத்தின் முன் காட்ட முடியாது. 1912இல் அவர் உரிமையைக் கைவிட்டார், மாமியார் பெயருக்கு அது போயிற்று. இதை வைத்து அவரைப் பொய்யர் என்போரை நான் ஏற்கவில்லை. எவ்வளவு விரும்பியிருந்தால் அந்தத் தனிப்பெயரைக் கடிதத்திலாவது காப்பாற்றி வைத்திருப்பார்!

அதே 1909இல் அயோவாவிலிருந்து தெற்கு டகோட்டாவுக்குப் போன பள்ளி ஆசிரியை எலிசபெத் கோரி, ‘பேச்சலர் பெஸ்’ என்று பெயரெடுத்து, பத்தாண்டுக் காலம் தாய்க்கும் உடன்பிறந்தாருக்கும் கடிதம் எழுதி, மணம் செய்யாமலே வாழ்ந்தார். அக்கடிதங்கள் 1990இல் நூலாக வந்தன. எலினோர் நிலத்தை விட்டார், கோரி மணத்தை விட்டார். இரண்டும் அவரவர் எடுத்த முடிவு என்பதே எனக்கு முக்கியம்.

ஒன்றை இங்கே சொல்லாமல் போனால் இந்த வாதம் நேர்மையற்றதாகிவிடும். அந்த 160 ஏக்கர் வெற்றுநிலம் அன்று. ஈடித் கோலின் நூல் தலைப்பில் வரும் ‘தீய்ந்த தொடை’ என்பதே சிசாங்கு லகோட்டா மக்களின் பெயர்தான். அவர்களிடமிருந்து பறித்த நிலத்தில்தான் இந்தப் பெண்கள் முகவரி பெற்றார்கள். அம்மக்களின் பெண்களுக்கு அதே காலத்தில் அங்கே முகவரி அழிந்தது.

இனி நம் பக்கம். பெண் கேட்பதைப் பற்றித் தமிழில் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, தொல்காப்பியம் காஞ்சித் திணையில் வைத்த மகட்பாற்காஞ்சித் துறை. புறநானூற்றில் 336ஆம் பாட்டு தொடங்கி இத்துறைப் பாடல்கள் தொகுதியாக வருகின்றன. வேந்தன் பெண் கேட்டு வருகிறான், முதுகுடித் தகப்பன் மறுக்கிறான், ஊர் அழியப்போகிறதே என்று புலவன் கலங்குகிறான். இப்பாடல்களில் பெண்ணின் அழகைச் சொல்லும் வரிகளோடு ஊரின் வயலும் குளமும் விளைச்சலும் பிரியாமல் வருகின்றன. பெண்ணும் நிலமும் ஒரே சொத்தாகக் கேட்கப்படுகின்றன, ஒன்றாகவே அழியவும் இருக்கின்றன. பரணரின் 343ஆம் பாட்டில், முசிறிக்கு நிகரான பெருஞ்செல்வத்தைப் பணிந்து கொடுத்தாலும் தகுதியில்லாதவனை இவள் ஏற்கமாட்டாள் என்கிறான் தகப்பன். ஏற்காதவள் அவள்தான், வினைச்சொல் அவளுடையதுதான். ஆனால் அது தகப்பன் வாயிலிருந்து வருகிறது. அவள் உண்மையில் என்ன நினைத்தாள் என்பதை அறிய வழியில்லை, ஏனென்றால் கேள்வி அவளிடம் கேட்கப்படவே இல்லை.

இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் கேள்வி போகும் திசை பெரிதாக மாறவில்லை. வரதராஜன்பேட்டையை நான் தேர்ந்ததற்குக் காரணம், இங்கே சட்டம் எப்போதோ மாறிவிட்டது என்பதுதான். 1865இன் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் பின்வந்த 1925ஆம் ஆண்டுச் சட்டமும் உயில் எழுதாமல் இறந்த கிறித்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு தருகின்றன. தமிழகத்து இந்துப் பெண்ணுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை 1989 மார்ச் 25 முதல்தான், அதுவும் அன்றைக்கு மணமாகாதவளுக்குத்தான் கிடைத்தது. கிறித்தவப் பெண் சட்டத்தின் ஏட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்திக்கொண்டவள். அப்படியென்றால் முந்திரிக்காடு சூழ்ந்த வரதராஜன்பேட்டை போன்ற ஊர்களில் பாதி நிலம் பெண்கள் பெயரில் இருக்கவேண்டுமல்லவா?

இல்லாமற்போனதற்கு ஒரு தாளின் பெயர் சொல்லலாம்: விடுதலைப் பத்திரம். பாகப்பிரிவினை நேரத்தில் மகளைக் கூப்பிட்டு, திருமணத்தின்போது நகையாகவும் சீராகவும் தன் பங்கைப் பெற்றுக்கொண்டதாகவும் இனித் தனக்கு யாதொரு பாத்தியமும் இல்லையென்றும் எழுதி வாங்கும் பத்திரம். மணமாகாத மகளென்றால் ‘உனக்கென்னம்மா, அண்ணன் பார்த்துக்கொள்வான்’ என்ற ஒரு பேச்சே போதும். ஜமீன் ஒழிப்புக்குப் பின் வந்த ரயத்துவாரிப் பட்டாவும், 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது வந்த ‘யூடிஆர்’ பட்டாவும் பெரும்பாலும் வீட்டு ஆணின் பெயரிலேயே எழுதப்பட்டன. மகளின் மஞ்சள் செலவுக்கென்று கொடுத்த மஞ்சள்காணி என்ற பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. சொல் இருக்கிற அளவுக்குக் காணி இல்லை.

பெயர் அண்ணனுடையது, வேலை அவளுடையது. மாசி, பங்குனியில் முந்திரிப்பழம் விழத் தொடங்கினால் விடியலில் கொல்லைக்குப் போய்ச் சருகை விலக்கிப் பொறுக்குவதும், பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுப்பதும், களத்தில் காயவைப்பதும் பெரும்பாலும் பெண்கள்தாம். கொட்டை உடைக்கும்போது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்நுனியைத் தீய்க்கும், தோல் கறுத்து உரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்துக்குக் கைரேகை வைப்பதும் அந்த விரல்தான்.

நிலத்தைப் பெண் பெயரில் எழுதினால் பேராசைக்காரர்கள் மொய்ப்பார்கள், அவளுக்குத்தான் ஆபத்து என்று சிலர் சொல்வார்கள். அக்கறையோடு சொல்கிறவர்களும் இதில் உண்டு. ஆனால் இதே அக்கறை சட்டமாகும்போது என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்க்கலாம். 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் உலர்வலயக் குடியேற்றங்களில் காணியை ஒரே வாரிசுக்குக் கொடுத்தது, மகனை மகளுக்கு முன்னே வைத்தது. 2022இல்தான் அந்த முன்னுரிமை திருத்தப்பட்டது. இடையில் போரில் கணவனையும் மகனையும் இழந்து, தனியே குடும்பம் நடத்தவேண்டி வந்த தமிழ்ப் பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் பேர். மறுபுறம், நாகப்பட்டினம், திருவாரூர் வட்டாரத்தில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் லாஃப்டி அமைப்பு 1981 முதல் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிப் பெண்கள் பெயரிலேயே பதிந்தது. அவர்களில் பெரும்பாலோர் மணமானவர்கள், ஆகவே நம் கேள்விக்கு அது முழு விடை ஆகாது. ஆயினும் பட்டாவில் பெண் பெயர் ஏறினால் குடும்பம் குலைந்துவிடும் என்ற பேச்சை அது பொய்யாக்கிவிட்டது.

அமெரிக்க ஆய்வாளர்களுக்கு இப்பெண்களின் கடிதங்கள் கிடைத்ததற்குக் காரணம் யாரோ ஒரு தங்கையும் பேத்தியும் பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான். நம் ஊர்களிலும் மணம் செய்யாமல் வாழ்ந்த ஆசிரியைகள், செவிலியர்கள், கொல்லையும் வீடுமாகத் தனித்திருந்த அத்தைகள் உண்டு. அவர்கள் பெட்டிகளை எரிக்கும் முன் பிரித்துப் பாருங்கள். பங்குக் கோவிலின் ஓலைக் குறிப்புகளையும் வில்லங்கச் சான்றுகளையும் சேர்த்து வைத்து, ஓலை வாசித்த எத்தனை மாதத்தில் விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று ஆண்டுவாரியாக எண்ணிப் பார்க்க இளம் ஆய்வாளர்கள் முன்வரவேண்டும். பத்திரத்தோடு அண்ணன் வந்து நிற்கும் நாளில் பெண்கள் அதை ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். அவள் கைரேகை விழாமல் அந்தப் பத்திரத்தைப் பதிய முடியாது.